கூலண்ட் விளக்கு எரிந்தால் முதலில் கேட்க வேண்டியது: தண்ணீர் எங்கே போச்சு?

புதிதாகக் கார் ஓட்டத் தொடங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "கூலண்ட் லைட் எரிஞ்சுது. தண்ணி ஊத்தினேன், அணைஞ்சிருச்சு. இனிமே ஒண்ணும் இல்லைல்ல?" கவலைப்பட வேண்டிய இடமே அதுதான். பெட்ரோல் எரிந்து தீரும். என்ஜின் ஆயிலில்கூட ஓடஓடக் கொஞ்சம் எரிந்துபோகும். கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், எரிவதில்லை, தேய்வதில்லை. என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மூடிய பாதையில் அதே திரவம்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. சிறிய கார்களில் அது மொத்தமே நான்கிலிருந்து ஆறு லிட்டர்வரை இருக்கும். வருடம் முழுக்க ஓட்டினாலும் தொட்டியில் விரலளவுக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால், அது எந்த வழியாகவோ வெளியே போயிருக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்கும்வரை வேலை முடியவில்லை.

எரிந்தது எந்த விளக்கு?

கூலண்ட் சம்பந்தப்பட்ட விளக்குகள் ஒன்றுக்கு மேல் உண்டு, புதியவர்கள் குழம்புவது இயல்பு. அலைமேல் நிற்கும் தெர்மாமீட்டர் போன்ற படம் நீல நிறத்தில் எரிந்தால், என்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று பொருள். காலையில் வண்டியை எடுத்ததும் மாருதி சுசூகி கார்கள் பலவற்றில் இது எரியும், சில நிமிடத்தில் தானே அணையும். அதற்குப் பயப்பட வேண்டாம். அதே படம் சிவப்பில் எரிந்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது.

கூலண்ட் அளவு குறைந்ததைச் சொல்லும் விளக்கு வேறு. சில கார்களில் அலைகள் கொண்ட தொட்டி போன்ற படம் வரும். சிலவற்றில் மீட்டரில் எழுத்தாகவே வரும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்றவற்றில் அதே தெர்மாமீட்டர் படமே மினுக்கி, கூடவே ஒலியும் எழுப்பும். உங்கள் வண்டிக்கு எது என்று அதோடு வந்த கையேட்டில் ஒரு பக்கம் இருக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள், வழியில் நின்றுகொண்டு தேட வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் ஓடும் பல கார்களில் அளவைக் காட்டும் சென்சாரே கிடையாது. அவற்றில் தண்ணீர் குறைந்தது முதலில் தெரிவது சிவப்பு விளக்காகத்தான், அப்போது நேரம் கடந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து தொட்டியைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சாலையில் எரிந்தால்

அளவு விளக்கு மட்டும் எரிகிறது, வெப்ப முள் வழக்கமான இடத்தில் நிற்கிறது என்றால், ஏசியை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டி, பாதுகாப்பான இடம் வந்ததும் ஓரங்கட்டலாம். சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தாலோ, பானெட்டிலிருந்து ஆவி வந்தாலோ, உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல பங்க் இருக்கு, அங்க பாத்துக்கலாம்" என்று ஓட்டிய அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் என்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வளைகிறது. அலுமினிய ஹெட் அவ்வளவு வெப்பத்தைத் தாங்காது. சில நூறு ரூபாய் ஹோஸில் (ரப்பர் குழாயில்) முடிந்திருக்க வேண்டிய செலவு, என்ஜினைப் பிரிக்கும் செலவாக மாறும்.

முள் நடுவில்தான் இருக்கிறது என்று நம்பி ஓட்டுபவர்களும் உண்டு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வெப்பத்தை அளக்கும் சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் அதிகமாக வடிந்துவிட்டால் அது ஆவியிலும் காற்றிலும் நிற்கும். அங்கே உலோகத்தின் சூடு அதற்குச் சரிவரப் போய்ச் சேராது. உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்குவதும் ஏறுவதுமாகத் தடுமாறும். அளவு விளக்கு எரிந்த பிறகு முள்ளின் பேச்சை முழுவதும் நம்பாதீர்கள்.

நின்றதும் பானெட்டைத் திறக்க அவசரப்பட வேண்டாம், ஆவி அடங்கட்டும். ரேடியேட்டர் மின்விசிறிப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். என்ஜின் அணைந்த பிறகும் சில வண்டிகளில் அது திடீரென்று சுற்றத் தொடங்கும்.

அடுத்தது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது: சூடான வண்டியில் மூடியைத் திறக்கவே கூடாது. கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த திரவம், திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்துவைத்திருப்பதால், அதே திரவம் 130 டிகிரியை நெருங்கும்வரை கொதிக்காமல் இருக்கிறது. 115 டிகிரியில் இருக்கும் அதைத் திறந்தால் அழுத்தம் நொடியில் போய்விடும், உள்ளிருப்பது அத்தனையும் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் பீய்ச்சும். குக்கர் விசில் அடங்காமல் மூடியைத் திறப்பது போன்றதுதான், ஆனால் இங்கே ஒழுகுவது பிசுபிசுப்பாகத் தோலில் ஒட்டும். குறைந்தது முக்கால் மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கனத்த துணியால் பிடித்து அழுத்திப் பாருங்கள். கல்போல் இருந்தால் அழுத்தம் இன்னும் இருக்கிறது. மெத்தென்று அமுங்கினால், மூடிமேல் துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதலில் கால் திருப்பு மட்டும் திருப்புங்கள். 'உஸ்' சத்தம் முழுக்க நின்ற பிறகு மீதியைத் திறக்கலாம்.

கையில் கூலண்ட் இல்லையென்றால், ஆறிய என்ஜினில் குடிதண்ணீரை ஊற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் போய்ச் சேரலாம். அவசரத்துக்கு அது தப்பில்லை. ஆறாத என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் சட்டென்று சுருங்கி விரிசல் விடலாம். ஊற்ற ஊற்றக் கீழே வடிந்துகொண்டே இருக்கிறதா? அந்த வண்டி தன் காலால் நகரக் கூடாது, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

மலைப்பாதைக்கு ஒரு தனிக் குறிப்பு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு, தாழ்ந்த கியரில் ஏறும்போது என்ஜின் மிகுந்த வெப்பத்தை வெளியிடும், வேகம் குறைவென்பதால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவாகவே வரும். முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். ஹீட்டர் என்பது உள்ளே இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், என்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். அதேபோல், ஏற்றத்தில் சாய்ந்து நிற்கும்போது மட்டும் அளவு விளக்கு எரிந்து, சமதளத்தில் அணைந்தால், தொட்டியில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு அருகில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பொய் எச்சரிக்கை என்று ஒதுக்க வேண்டாம். குறைவு முதலில் தெரிவது சரிவில்தான்.

மறுநாள் காலை, ஆறிய வண்டியில்

சரியான சோதனைக்கு ராத்திரி முழுக்க நின்ற வண்டி வேண்டும், சமதளம் வேண்டும். சூட்டில் திரவம் விரிந்து மேலே நிற்கும், அந்த அளவை வைத்து ஏமாறக் கூடாது.

தொட்டி இரண்டு வகைப்படும். ஒன்றில் ரேடியேட்டரின் தலையிலேயே உலோக மூடி இருக்கும், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பா விரிந்து வரும் கூலண்டைப் பிடித்து வைப்பதற்கு மட்டும்தான். இன்னொன்றில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது, திருகு மூடியோடு கூடிய தடித்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்றே எல்லாம். முதல் வகையில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்றிருக்கிறது. டப்பாவில் தண்ணீர் சரியாகத் தெரியும், ரேடியேட்டர் உள்ளே பாதி காலியாக இருக்கும். என்ஜின் ஆறும்போது ரேடியேட்டர் டப்பாவிலிருந்து கூலண்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மூடியில் இருக்கும் சிறிய வால்வு கெட்டுப்போனாலோ, வழியில் எங்காவது காற்று புகுந்தாலோ உறிஞ்சாது. ஆகவே முதல் வகை வண்டியில் டப்பாவை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடையாமல், ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள். திரவம் கழுத்துவரை நிற்க வேண்டும்.

பார்த்ததும் தொட்டியின் வெளிப்புறத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, இன்றைய அளவுக்கு நேராகக் கோடு போட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுங்கள். இனி நடக்கும் எல்லாச் சோதனைக்கும் ஆதாரம் அந்தக் கோடுதான். "கொஞ்சம் கொறையுற மாதிரி இருக்கு" என்று மெக்கானிக்கிடம் சொல்வதற்கும், "300 கிலோமீட்டருக்கு இரண்டு விரல் இறங்குது" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

எதை ஊற்றுவது

தொட்டியில் இருக்கும் அதே வகைக் கூலண்ட். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம், ஊதா என்பதெல்லாம் நிறுவனம் சேர்க்கும் சாயம். ஒரே நிறத்தில் இரண்டு வேறு வேதியியல் இருக்கலாம். ஒத்துப்போகாதவை கலந்தால் துருவைத் தடுக்கும் பொருட்கள் வலுவிழக்கும், சில சமயம் கூழ்போல் திரண்டு குழாயை அடைக்கும். கையேட்டில் உள்ள பெயரையோ தரக் குறியீட்டையோ காட்டி வாங்குங்கள்.

டப்பாவில் 'ரெடி மிக்ஸ்' என்று இருந்தால் அப்படியே ஊற்றலாம். செறிவானது என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்க்க வேண்டும். செறிவானதையே தனியாக ஊற்றினால் இன்னும் நன்றாகக் குளிரும் என்று நினைப்பது தவறு, வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். அந்தத் தண்ணீர் போர்வெல் தண்ணீராக இருக்கக் கூடாது. நம் ஊர் போர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் உப்பும் வீட்டுப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், ரேடியேட்டரின் மெல்லிய அலுமினியக் குழாய்களுக்குள்ளும் அதேதான் படியும். உப்பு அலுமினியத்தை அரிக்கவும் செய்யும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தாது நீக்கிய தண்ணீர் போதும், எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆசிட் கேனை மாற்றி எடுத்துவிடாதீர்கள், இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும்.

மேல்கோட்டைத் தாண்டி ஊற்ற வேண்டாம். விரிவதற்கு இடம் வேண்டும்.

மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கு: பேட்டரியைக் குளிர்விக்கும் திரவம் அந்த வண்டிக்கென்றே குறிப்பிட்டதாக இருக்கலாம். அந்தத் தொட்டியில் கடைக் கூலண்டை ஊற்றாமல் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.

ஒழுக்கைத் தேடுவது

என் வண்டி மூன்று மாதம் 'தண்ணி குடித்தது'. பத்து நாளைக்கு ஒருமுறை விளக்கு எரியும், ஊற்றுவேன், அணையும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. ஒரு பட்டறையில் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பெரியவர் டார்ச்சை அடித்து, கீழ் ஹோஸின் கிளிப்பைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் படிந்திருந்த ஒரு வெளிறிய கோட்டைக் காட்டினார். "இது காய்ஞ்ச கூலண்ட் தம்பி. சூட்டுல ஒழுகி, அங்கயே காய்ஞ்சிருது. கீழ எப்படி விழும்?" கிளிப்பை மாற்றியதும் நின்றது. அன்றிலிருந்து நான் சொட்டைத் தேடுவதில்லை, கறையைத் தேடுகிறேன்.

ராத்திரி முன்பக்கத்துக்குக் கீழே ஒரு பெரிய அட்டையை விரித்துவிடுங்கள். காலையில் ஈரம் இருந்தால், முதலில் ஏசித் தண்ணீரா என்று பாருங்கள். ஏசி ஓடிய வண்டியிலிருந்து தெளிவான, வாசனையில்லாத தண்ணீர் சொட்டுவது இயல்பு. கூலண்ட் என்றால் நிறம் இருக்கும், விரலில் வழவழப்பாக இருக்கும், லேசாக இனிப்பு வாசனை வரும். வாசனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாக்கில் வைத்துவிடாதீர்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். அட்டை காய்ந்திருந்தாலும் ஒழுக்கு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். புதிய கார்களில் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு சொட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளும்.

பிறகு பகல் வெளிச்சம் போதாது, டார்ச்சை எடுங்கள். தொட்டியிலிருந்து தொடங்கி ஹோஸ் போகும் பாதையிலேயே கண்ணை ஓட்டுங்கள். பழைய பிளாஸ்டிக் தொட்டி மஞ்சளித்து, தையல்போன்ற இணைப்பில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். ஹோஸ்களை விரலால் அமுக்கினால் நொறுங்கும் சத்தம் வந்தாலோ, ஒரு பக்கம் உப்பியிருந்தாலோ மாற்றிவிட வேண்டும். வெளியே நிறுத்தும் வண்டிகளில் எலிக் கடியையும் பாருங்கள், அது வயரோடு நிற்பதில்லை. ரேடியேட்டரில் அலுமினியப் பகுதியும் இருபக்கப் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்புதான் வழக்கமான ஒழுக்கிடம். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் அதன் வழியே கசியும். அங்கே நிறக்கோடு வழிந்திருந்தால் பம்பின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது.

மூடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் சீக்கிரமே கொதித்து வழிந்துவிடும். கழுத்தைச் சுற்றிக் கறை இருந்தால் முதலில் மூடியை மாற்றுங்கள். எல்லாவற்றிலும் மலிவான வேலை அதுதான். பழைய மூடியில் பொறித்திருக்கும் அழுத்த எண்ணே புதியதிலும் இருக்க வேண்டும்.

வண்டிக்குள்ளேயும் ஒழுகலாம். முன் பயணியின் காலடி விரிப்பு ஈரமாக இருக்கிறதா, கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் படிகிறதா, உள்ளே இனிப்பு வாசனை வருகிறதா? அப்படியென்றால் ஹீட்டர் கோர், அதாவது முன்பு சொன்ன அந்தக் குட்டி ரேடியேட்டர், ஒழுகுகிறது. வெறும் தண்ணீராக, வாசனையில்லாமல் நனைந்திருந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும், அது வேறு கதை.

கண்ணுக்கு எதுவும் சிக்கவில்லை என்றால், பட்டறையில் 'பிரஷர் டெஸ்ட்' செய்யச் சொல்லிக் கேளுங்கள். மூடியிருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் பார்ப்பார்கள். பம்பின் அழுத்த முள் இறங்கினால் ஒழுக்கு இருக்கிறது. என்ஜின் ஆறியிருக்கும்போதே செய்யலாம், சூட்டில் காயாமல் ஒழுக்கு கண்ணெதிரே தெரியும். எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிப்பதற்குமுன் இந்தச் சோதனையைக் கேட்பது உங்கள் உரிமை.

ஒழுக்கை அடைக்க மஞ்சள்தூள் போடும் பழைய கைவைத்தியத்தையும், கடையில் விற்கும் அடைப்பு மருந்தையும் நான் யாருக்கும் சொல்வதில்லை. ஓட்டையை அடைக்கும் பொருள், ஹீட்டரின் நுண்ணிய குழாயையும் அடைக்கும்.

வெளியே எங்கும் ஒழுகவில்லை, ஆனால் குறைகிறது

பயப்பட வேண்டிய நிலை இது. சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜினின் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலண்ட் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ போகலாம். ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள், ஆயில் அளவுக் குச்சியையும் பாருங்கள். காபியில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மூடியின் அடியில் மட்டும் லேசான வெண்படலம் என்றால் அது குறுகிய தூர ஓட்டத்தில் படியும் ஈரமாகவும் இருக்கலாம், குச்சியிலும் தெரிந்தால்தான் ஐயமில்லை. காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, தொட்டிக்குள் குமிழ் விடாமல் வருவது, என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது எல்லாம் அதே திசையைக் காட்டும். இதை உறுதிப்படுத்த ஒரு நீலத் திரவச் சோதனை உண்டு. தொட்டிக் கழுத்தில் வரும் காற்றை அதற்குள் இழுப்பார்கள், சிலிண்டரில் எரிந்த புகை அதில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டாதீர்கள். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பேரிங்குகள் நாசமாகும்.

அளவு சரி, விளக்கு மட்டும் அணையவில்லை

ரேடியேட்டர், தொட்டி இரண்டும் நிறைந்திருப்பதை ஆறிய வண்டியில் உறுதி செய்த பிறகுதான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். பல தொட்டிகளில் காந்தம் பதித்த மிதவை ஒன்று மேலும் கீழும் போய் ஸ்விட்சைத் தட்டும். அழுக்கு சேர்ந்தால் மிதவை அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். தொட்டியை விரலால் மெல்லத் தட்டும்போது விளக்கு அணைந்தால் காரணம் அதுதான், தொட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். வேறு வண்டிகளில் திரவத்தில் நிற்கும் இரண்டு உலோகக் கம்பிகள்தான் சென்சார், அவற்றில் படிந்த கசடைத் துடைத்தால் சரியாகலாம். கனெக்டரைக் கழற்றி உள்ளே பச்சைத் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். தொந்தரவு தீரட்டும் என்று வயரை முறுக்கி விளக்கை நிரந்தரமாக அணைத்துவைக்கும் வேலையை யார் செய்து தருவதாகச் சொன்னாலும் வேண்டாம்.

சரி செய்த பிறகு

கூலண்டை இறக்கி ஏற்றினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். காற்று நிற்கும் இடத்தில் உலோகம் குளிராது. காற்று வெளியேற்றும் முறை வண்டிக்கு வண்டி மாறும். பொதுவாக ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, என்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்து மின்விசிறி ஒருமுறை இருமுறை ஓடி நிற்கும்வரை விடுவார்கள். சில வண்டிகளில் காற்றுக்கென்று தனித் திருகு உண்டு. ஹீட்டரிலிருந்து சூடான காற்று விடாமல் வந்தால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிட்டது என்று கொள்ளலாம். இடையிடையே குளிர்ந்த காற்று வந்தால் கூலண்ட் பாதையில் இன்னும் காற்று சிக்கியிருக்கிறது. முதல் இரண்டு நாளில் அளவு சற்று இறங்குவது இந்தக் காற்று வெளியேறுவதால்தான். ஒருமுறை நிரப்பிவிட்டு, டேப்பில் புதிய கோடு போடுங்கள். அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள், காலையில், வண்டியை எடுப்பதற்குமுன் பாருங்கள். அளவு கோட்டிலேயே நின்றால் ஒழுக்கு நின்றுவிட்டது. இறங்கினால் அதே பட்டறைக்கு, டேப்பில் எழுதிய கணக்கோடு போய் நில்லுங்கள்.

வடித்தெடுத்த பழைய கூலண்டை வாசலிலோ சாக்கடையிலோ கொட்டிவிடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும், பூனையும் நக்கலாம், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். மூடியுள்ள கேனில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் பட்டறையில் கூலண்டையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். தரையில் சிந்தியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, அது நன்றாகக் காயும்வரை நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள்.